என் நாத்தனாரின் இடது கண்

யாராவது எதையாவது செய்யக் கூடாது என்று சொன்னால் என் நாத்தனாருக்குக் கோபம் வராது. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. கத்தினால் பதிலுக்குக் கத்திவிட்டுப் போகலாம். அவள் கத்த மாட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல, "யாரு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்பாள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போச்சு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவாள்.

நான் ஆரம்பாக்கத்திலிருந்து கோட்டைக்குப்பத்துக்கு மருமகளாக வந்தவள். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் நிலக்கடலை பயிரிட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மீன் நாற்றமும் உரத்த பேச்சும் பழகவே எனக்கு ரொம்ப நாளானது. மாமனார் விடியற்காலையில் ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்து பகலெல்லாம் வலையோடு உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்க மாட்டார். மாமியார் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். அவருடைய தங்கைதான் இவள். என் வயசு. தாயும் மகளும் தினமும் மீன் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவார்கள்.

நான் வந்த புதிதில் அந்த வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் மாறினார். புதிதாக வந்தவர் மீன் கூடைகளை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்கள் எல்லோரும் கெஞ்சினார்கள். இவள் மட்டும் கேட்டாள்:

"யாரு சொன்னது?"

"மொதலாளி சொல்லிட்டாரு."

"சரி."

கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். பொன்னேரியில் இறங்கி விசாரித்து, முதலாளி வீட்டுக்கே போய்விட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "நான் எதுக்கும்மா அப்பிடிச் சொல்லப் போறேன்? கூடை இல்லன்னா இந்த ரூட்டுல எனக்கு ஏது சனம்?" என்றிருக்கிறார். இவள் அதே பஸ்ஸில் திரும்பி வந்து, படியில் நின்றபடி கண்டக்டரிடம் கேட்டாள்.

"அவரு சொல்லலியாம். நீ சொன்னியா?"

கண்டக்டர் தானே இறங்கிக் கூடைகளைத் தூக்கி மேலே போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் இவளுக்கு ஜன்னலோர இடம் காலியாகவே இருக்கும்.

ஆள் குட்டைதான். பாதம் மட்டும் அகலம். நடுத் தெருவில்தான் நடப்பாள், ஓரமாக நடந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவாள். மீன் தலை அவளுக்குத்தான், அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. சிரித்தால் இருமுவது போலிருக்கும். விலை சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். வாங்க வந்தவர்கள்தான் தங்களுக்குள் பேரம் பேசி, கடைசியில் அவள் சொன்ன விலைக்கே வருவார்கள்.

அந்தக் காலத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை மாமியாருடைய தம்பி மகன். வடக்கே ஒரு குப்பம். சொந்தமாகப் படகும் இயந்திரமும் வைத்திருந்தான். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது என்று அவன் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இவள் வழக்கம் போலக் கேட்டாள். "மாப்ளதான் சொன்னாரு" என்றார்கள். மறுநாளே அவன் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, நீதான் சொன்னியா?"

"ஆமா, நான்தான் சொன்னேன். என் பொண்டாட்டி கூடை தூக்க வேணாம்."

"அப்போ உன்கிட்டயே சொல்றேன். நீ வேணாம்."

சொல்லிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து நண்டு உடைத்தாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பேச்சை முறிக்கவில்லை. "கெடக்கறா, சின்னப் பொண்ணு. தாலி ஏறுனா அடங்கிப் போவா" என்று தம்பிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் குறித்துவிட்டார்.

கண் போனது அதற்குப் பிறகுதான். அதனால்தான் யாருமே நம்பவில்லை.

ஒரு காலையில் நானும் அவளும் குழம்புக்கு மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம்.

"இன்னா அண்ணி, எந்தக் கடையில வாங்குன? வெளுத்துப் போயிருக்குது."

நான் பார்த்தேன். மிளகாய் நல்ல சிவப்பு. அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை மூடிப் பார்த்தாள்.

"ஐயே, வேடிக்கையா கீது. இந்தக் கண்ணுக்குச் செவப்பு. இந்தக் கண்ணுக்குத் துருப்புடிச்ச ஆணி மாதிரி தெரியுது."

விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். என் புடவைக் கரையை இழுத்து வைத்துப் பார்த்தாள். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்தாள். இடது கண்ணுக்குச் சிவப்பெல்லாம் செத்துப்போயிருந்தது. இரண்டு நாளாக அந்தக் கண்ணைத் திருப்பினால் வலிக்கிறது என்றும் சொன்னாள். "உள்ளார யாரோ தூண்டில் மாட்டி இழுக்கறா மாதிரி கீது." வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை. சிவக்கவில்லை, தண்ணீர் வடியவில்லை, பீளை கட்டவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, பயப்படாம கேளு. உன்னப் பாத்தா உன் காது தெரியுது. கம்மல் தெரியுது. மூஞ்சி இல்ல. மூஞ்சி இருக்கற எடத்துல புகை."

நான் என் முகத்தையே தடவிப் பார்த்துக்கொண்டேன். அவள்தான் என் தொடையைத் தட்டி, "சீ, எந்திரி, உலை கொதிக்குது" என்றாள்.

மாமியார் முதலில் ஒல்லாந்தர் கல்லறையின் மேல் பழி போட்டார். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் ஒன்றும் அதிசயமில்லை. எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய கல்லுக்குக் கீழே கிடக்கிறார்கள். வாசலில் மட்டும் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கும். உச்சி வெயிலில் அந்த எலும்புக்கூட்டின் கண்குழியைப் பார்த்துவிட்டாள், அதுதான் அடித்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, மாமியார் பிடித்துக்கொண்டார். வேப்பிலை அடிக்கிறவர் வந்தார். அவரும் கல்லறைதான் என்றார்.

"யாரு சொன்னது?"

"அந்த எலும்பே சொல்லுது தாயி."

சரி என்று எழுந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தத் தோட்டத்துக்கு ஒரு காவல்காரர் உண்டு. எலும்புக்கூட்டுக்கு நேர் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எத்தினி நாளா இங்க குந்திக்கினு கீற?"

"என் கல்யாணத்துக்கு முன்னால இருந்து."

"உச்சி வெயிலுக்கும் இங்கதானா?"

"வேற எங்க போறது? இங்கதான் நெழலு."

"கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தோ, கோயில் கிட்ட ஆட்ட ஓட்டிக்கினு வர்றானே, அவன் சட்டை பட்டன் வரைக்கும் தெரியுது. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ நல்லா இரு."

திரும்பி வந்து வேப்பிலைக்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டார். பிறகு ஒரு கிழவர் ஏதோ இலைச் சாற்றைக் கொண்டுவந்து கண்ணில் விடப் பார்த்தார். அதற்கு மட்டும் இவள் கேள்வியே கேட்கவில்லை, அவர் கையைத் தட்டிவிட்டாள். அது ஒன்றுதான் அந்த நாட்களில் நடந்த நல்லது என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். கூட்டம் நெரிந்தது. எல்லாம் கண்புரை விழுந்த வயசானவர்கள். அங்கிருந்த ஒருவர் இவள் கண்ணில் வெளிச்சம் அடித்து, இமையைப் பிரித்துப் பார்த்து, "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்த ஒரு வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது.

கண்ணில் ஒன்றுமில்லை. அப்படியானால் வாயில்தான் கோளாறு. கல்யாணம் பிடிக்காமல் நடிக்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே. இதற்கு முன்னால் அவள் எதிர்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

என் வீட்டுக்காரர் வழியில் ஸ்டூலைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா? தெரியுதில்ல?"

"ண்ணா, ஒரு கண்ணுதான் போச்சு. இன்னொண்ணு நல்லாத் தெரியுது. ஸ்டூலு மட்டுமில்ல, நீ சிரிக்கறதும் தெரியுது."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் முகம் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் அருகில் போனதும் சொன்னாள்: "கண்ணு போனதுகூடப் பரவால்ல அண்ணி. எனக்குத் தெரியலன்னு நான் சொல்றேன். இல்ல, உனக்குத் தெரியுதுன்னு அவங்க சொல்றாங்க. என் கண்ணுக்குள்ள அவங்க எப்போ பூந்து பாத்தாங்க?"

அதற்கு அடுத்த நாள் காலையில் வலது கண்ணிலும் சிவப்பு மங்க ஆரம்பித்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நான் மெட்ராஸ் போறேன். வர்றியா?" என்றாள். மார்க்கெட்டுக்குப் போவது போல இரண்டு பேரும் கிளம்பினோம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். ரயிலில் என் கையைப் பிடிக்கவில்லை. என் முந்தானை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். சென்ட்ரலில் இறங்கியதும் கூட்டத்துக்கு நடுவே அவளேதான் போலீஸ்காரரிடம் வழி கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வரிசையாக நின்று கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தோம். எங்களை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். என் நாத்தனார் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

"டாக்டரம்மா, நான் நடிக்கறேன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. நீங்களும் அப்பிடித்தான் சொல்லுவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த ரயிலப் புடிக்கறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அறை விளக்கை அணைத்தார். சின்ன டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார், பிறகு இடது கண்ணில், மறுபடி வலது, மறுபடி இடது. அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீங்களும் பாருங்க. வெளிச்சம் பட்டா நடுவுல இருக்கற கண்மணி சுருங்கணும். வலதுல சுருங்குதா?"

"சுருங்குது."

"இப்போ இடதுக்குக் கொண்டுபோறேன்."

நான் பார்த்தேன். வெளிச்சம் நேராக விழுந்தும் அந்தக் கண்மணி சுருங்கவில்லை. இருட்டைப் பார்ப்பது போல மெல்ல விரிந்தது.

"வெளிச்சம் வந்ததுன்னு கண்ணு மூளைக்குச் சொல்லணும். சொல்ற நரம்புல வீக்கம். கண்ணு நல்லாதான் இருக்கு, அதனாலதான் கண்ணை மட்டும் பாத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. வாயால நடிக்கலாம், கையால நடிக்கலாம். கண்மணியை யாராலும் நடிக்க வைக்க முடியாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னைக்கே சேரணும். வலது கண்ணையாவது காப்பாத்தணும்."

"சேத்துக்கோங்க" என்றாள் உடனே. "அண்ணி, நீ பாத்த இல்ல? நல்லாப் பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அது போதும்."

ஊரில் இருந்த டெலிபோன் கடைக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் மாமியாரும் என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். வார்டுக்குள் நுழையும்போதே மாமியார் குரல் ஏறிவிட்டது.

"கல்யாணத்துக்குப் பயந்துகினு இங்க வந்து படுத்துக்கினியாடி? இவளும் கூடச் சேந்துகினு ஆடறா! ஊர்ல நான் எப்பிடித் தலைகாட்டறது?"

மற்ற கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். என் நாத்தனார் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவிடம் டார்ச் கேட்டு வாங்கி, அண்ணன் கையில் கொடுத்தாள்.

"ண்ணா, கடல்ல இருட்டுல நீ எத்தினி தபா டார்ச் அடிச்சிருப்ப. இப்போ என் கண்ணுல அடி. மொதல்ல வலது. நல்லாப் பாரு. அப்பால இடது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடித்தார். வலது. இடது. நம்பாமல் திரும்பவும் வலது, இடது. டார்ச்சை அணைக்காமலே, "எம்மா, இப்பிடி வா, நீ பாரு" என்றார்.

மாமியார் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "என் கண்ணே, என் கண்ணே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழுவாத" என்றாள் மகள். "பாத்துட்ட இல்ல? நடிக்கறான்னு யார் யார்கிட்ட சொன்னியோ, அத்தினி பேர்கிட்டயும் போயி, இல்லன்னு சொல்லிட்டு வா. அப்பால அழு."

மாமியார் அதைச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போனார். சில வீடுகளுக்கு இரண்டு தரம் போனார்.

மருந்து ஏறி முடிந்தபோது வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் புகை விலகி என் முகம் திரும்ப வந்தது. "இருக்கற மூக்குதான். மாறல" என்றாள். சிவப்பு மட்டும் அந்தக் கண்ணுக்குத் திரும்பவே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய்ச் சொந்த நரம்பைத் தாக்குகிறது, இள வயசுக்காரர்களுக்கும் வரும், யார் செய்த பாவமும் இல்லை, திரும்ப வரலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மீன் விக்கலாமா?"

"தாராளமா."

ஊருக்கு வந்ததும் மாப்பிள்ளையைப் பெற்ற மாமன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நடிக்கிறாள் என்று நினைத்தவரை அவர்களுக்கு அவள் வேண்டியிருந்தது. வியாதி உண்மை என்று தெரிந்ததும் வேண்டாம் என்றார்கள். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். என் நாத்தனார் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். மாமன் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் எல்லாம் பார்க்க நின்றாள்.

"மாமா, நான் சண்டைக்கு வர்ல. மொதல்ல வேணாம்னது நான்தான். ரெண்டு கண்ணும் நல்லா இருந்தப்பவே வேணாம்னேன். இப்போ நீங்க வேணாம்னு சொன்னதா ஊர்ல பேச்சு வந்துடக் கூடாது. அத மட்டும் சரியாச் சொல்லுங்க."

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. மாமன் கைகூப்பி, "சரி தாயி, அப்பிடியே சொல்றேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இருமல் மாதிரிச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஏரியைத் தாண்டும் வரை. அதற்கப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

மார்க்கெட்டுக்குத் திரும்பப் போனாள். வெயில்தான் அவளுக்கு எதிரி. உடம்பு சூடேறினால் இடது கண் மங்கிவிடும், ஆறினால் தெளியும். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் வாங்க வந்த ஒருத்தி, "கண்ணு தெரியாதவகிட்ட மீன் வாங்குனா கெட்டுப் போனதத்தான் தள்ளுவா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இவள் ஒரு மடவை மீனை எடுத்து, கட்டை விரலால் செவுளைத் திறந்து, அவள் மூக்கடியில் நீட்டினாள்.

"உனக்குத்தான் கண்ணும் இருக்குது, மூக்கும் இருக்குது. பாரு. மோந்து பாரு. அப்பால பேசு."

அந்தப் பெண் அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு இரண்டாவது பையன் பிறந்த வருஷம் வியாதி திரும்ப வந்தது. இந்தத் தடவை இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. இடது கண் முழுக்கவே போய்விட்டது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மருந்து. வலது கண் தப்பியது. கால் மெதுவாகத்தான் வந்தது. மாமனார் வலைக் கயிற்றை எடுத்து வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, அறையிலிருந்து கொல்லை வரைக்கும் கட்டிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள், விழுந்தாள், எங்களைக் கிட்டே வரவிடாமல் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அப்போதுதான்.

ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எழுந்து போகவில்லை. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி, "எப்பிடி இருந்த பொண்ணு" என்று ராகம் இழுத்தாள். என் நாத்தனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கால் நடுங்கியது.

"இங்க எவளும் சாவல. உங்க வீட்ல உலை வெக்கலியா? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க."

அவர்கள் போனதும் கயிற்றை விட்டாள். சுவரைத் தொடாமல் வாசல் வரை போனாள். வாசற்காலைத் தொட்டதும் திரும்பி, "நைனாவக் கூப்பிடு. இந்தக் கயித்த அவுக்கச் சொல்லு" என்றாள்.

ஆனால் பொன்னேரி வெயிலில் அவளால் இனி உட்கார முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும்தான். அப்புறம் ஒரு மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள்: "நைனா, ஏரியில வெடியக்காலையில குளிர்ச்சியாத்தான் இருக்கும். உனக்கும் ஒண்டியா வலை இழுக்க முடியல. நான் வர்றேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் வலை கட்டிப் படகில் போவதில்லை. மாமியார் கரண்டியைக் கீழே போட்டார். என் வீட்டுக்காரர், "ஊரு ஒத்துக்காது" என்றார். மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "தலைக்குத் துணி கட்டிக்கோ, பனி விழும்" என்றார்.

அவர்கள் எத்தனையோ வருஷம் அப்படிப் போனார்கள். மாமனார் கண்ணை மூடும் வரை. நாங்கள் நடுவில் பிழைப்புக்காக எண்ணூர்ப் பக்கம் குடி வந்துவிட்டோம். அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தவில்லை. வியாதி அப்புறமும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளாததற்குக் கண்ணைக் காரணம் சொல்ல யாரையும் விட்டதும் இல்லை. நான் அவளை நினைத்தால், படகில் ஏறிய அந்த முதல் நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். பனி இறங்கியிருந்தது. சேதி எப்படியோ பரவி, கரையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார்.

"இன்னாப்பா இது? பொம்பள படகுல ஏறுனா ஏரிக்கு ஆவாது. அதுவும் கண்ணு தெரியாத பொண்ண இட்டுக்கினு போறியே."

என் நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமனார் பேசிவிட்டார். ஊர் நடுவில் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"எனக்கு ஒரு கண்ணுல புரை. அவளுக்கு ஒரு கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கண்ணு கீது. ஒரு படகுக்கு அது போதும்."

சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார். பெரியவர் தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டிருந்தார், தடுக்கவில்லை. அவள் கையூன்றி ஏறினாள். ஒரு கால் சரியாக வரவில்லை. அதை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். எங்கள் ஏரியில் ஆழம் குறைச்சல், நீண்ட கோலை ஊன்றித்தான் படகைத் தள்ளிப் போவார்கள். மாமனார் ஊன்றினார். படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதுமே பனி அவர்களை மூடிவிட்டது.

மாமியார் என் பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"தெரியுதாடி?"

"இல்லத்தே. ஒண்ணும் தெரியல."

அப்போது பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. மார்க்கெட்டில் கேட்குமே, அதே குரல்.

"நைனா, நீ குந்து. கோல இப்பிடிக் குடு. குடுன்றேன் இல்ல!"

கோல் தண்ணீரில் விழுகிற சத்தம் தாறுமாறாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சீரானது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு வேடிக்கை பாத்துகினு நிக்கற? போய்க் கூடைய எடுத்தா. பெரிய கூடையா எடு."